நோவுள்ள காலோடு கூட நடந்தவர்

ஆடிக்காற்று தெருப்புழுதியை வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வண்டிக்கார மொய்தீன் வந்து என் துணிக்கடைப் படியில் உட்கார்ந்தார். அவர் உட்காருகிறவர் அல்ல. பசறை ரோட்டிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்து பதுளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் வாசலில் நின்றே ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்றைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "முதலாளி, உபதேசியாரு மவுத்தாயிட்டாரு" என்றார்.

விடிந்ததும் தோட்டத்திலிருந்து காய்ச்சல்காரன் ஒருவனைக் கம்பளியில் போட்டுக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு சந்திக்கு வந்திருக்கிறார்கள். மொய்தீன் வண்டியோடு காத்திருந்தார். அங்கே உபதேசியார் குடியிருந்த சாய்ப்புக் குடிசையின் தட்டிக் கதவைத் தட்டியும் பதில் இல்லை. திறந்து பார்த்தபோது, மடித்த சாக்கின்மேல் இரண்டு காலையும் உயர்த்தி வைத்தபடி, கட்டிலில் மல்லாந்து கிடந்தாராம். உடம்பு குளிர்ந்து விட்டிருந்தது. வெளியே உயிரோடு ஒரு நோயாளி, உள்ளே ஒரு பிரேதம். தூக்கி வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நோயாளியை ஏற்றுங்கள், அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று மொய்தீன்தான் சொல்லி, ஒருவரைப் பிரேதத்துக்குக் காவல் வைத்துவிட்டு வண்டியை ஓட்டி வந்திருக்கிறார்.

"அந்த ஆளு வழி முழுக்க உபதேசியாரு எங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தான், முதலாளி. பின்னால வர்றாருன்னு பொய் சொன்னேன்" என்றார் மொய்தீன்.

சவரிமுத்து உபதேசியாரைத் தெரியாதவர்கள் நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டங்களில் குறைவு. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அவரோடு அந்த வண்டியில் வந்து பிழைத்தவர்கள். பலர், வந்து பிழைக்காதவர்களின் வீட்டார். அவர் தம்முடைய சாமியையே காட்டிக்கொடுத்தவர் என்று இன்றைக்கும் அவர்மேல் கோபமாக இருக்கிறவர்களும் உங்களில் உண்டு என்று அறிவேன். அவர்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அவருடைய வேதத்தைச் சேர்ந்தவன் அல்ல. முருகனைக் கும்பிடுகிற கடைக்காரன். அவருக்கும் எனக்கும் சிநேகிதம் வந்தது ஒரு நோயால்.

வைத்தியர்கள் அதைக் கீல்வாதம் என்றும் வாதரத்தம் என்றும் சொல்வார்கள். எனக்கு அது முதலில் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முந்தின நாள் ஒரு கல்யாண விருந்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். விழித்துப் பார்த்தால் வலதுகால் பெருவிரல் பழுத்த மிளகாய் நிறத்தில் வீங்கியிருந்தது. மேலே கிடந்த வேட்டியின் கனம்கூடத் தாங்க முடியவில்லை. யாராவது பக்கத்தில் நடந்தால் பலகைத் தரையின் அதிர்வு விரலுக்குள் புகுந்து குத்தியது. கடையைப் பூட்ட மனமில்லாமல் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களெல்லாம் இரக்கத்தோடு குனிந்து விரலைத் தொட வந்தார்கள்.

கோயில் பீடத்துக்கு விரிக்க வெள்ளைத்துணி வாங்க வந்த ஒருவர் மட்டும் தூரத்திலேயே நின்றுவிட்டார். மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பக்கத்தில் கிடந்த துணிமூட்டையை ஓசையில்லாமல் இழுத்து, போகிற வருகிறவர்கள் இடித்துவிடாதபடி என் காலுக்கு முன்னால் வைத்தார். பிறகுதான் பேசினார். "எனக்கும் இது உண்டுங்க. இதத் தொட வர்றவன் அப்பனா இருந்தாலும் எதிரிதான்" என்றார். அவருடைய கால்களைக் கவனித்தேன். செருப்பில்லாத அந்தக் கால்களின் விரல் மூட்டுகள் இஞ்சிக்கிழங்கு போல முண்டுமுண்டாக இருந்தன.

அவர் திருச்சிப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து இந்த மலைக்கு வந்தவர். காப்பி அழிந்து தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. வருகிற வழியிலேயே வாந்திபேதியில் போன தகப்பனைப் பாதையோரம் புதைத்துவிட்டுத் தாயும் பிள்ளையுமாக வந்து சேர்ந்தார்கள். பெரியவனானதும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். கால் கெட்ட பிறகு, தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணையில் தண்ணீர் ஊற்றிக் காவல் காக்கும் வேலை கொடுத்தார்கள். பூசை வைக்கிற சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் அந்தத் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பதும், செத்தவர்களை அடக்கம் செய்வதும் உபதேசியார் வேலை. மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

கறியும் நெய்யும் சாராயமும் மிஞ்சினவர்களுக்கு வருகிற நோய் என்று இதற்குப் பெயர். தோட்டத்தில் துரைநோய் என்பார்கள், அங்கே துரைக்கும் அது இருந்ததால். கஞ்சி குடிக்கிற உபதேசியாருக்கு எப்படித் துரைநோய் வந்தது என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் கேலி பேசுவார்களாம். "ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் எதுக்கு வேணாங்கணும்" என்பார் அவர்.

அந்த முதல் வலியின்போது கதிர்காமத்துக்குக் கால்நடையாக வருகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் யோசித்துவிட்டு, "நடக்க முடியாதவன் நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டா, கேக்கிற சாமிக்கும் சங்கடந்தான்" என்றார். வலி அடங்கியது. நடந்து போய்வந்தேன். மூன்றாம் மாதம் அதே விரலில் திரும்பவும் வந்தது. மொய்தீனுடைய மாமனாருக்கும் இந்த நோய் இருந்தது. அவர் அவுலியா அடங்கிய தர்காவுக்குப் போய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். அவருக்கும் போனது, அவருக்கும் திரும்பியது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒவ்வொரு நோவுள்ள காலுக்கும் ஒரு சாமி இருந்தது.

உபதேசியாருடைய சாமி பெலவேந்திரர். புனிதர்களை அர்ச்சியசிஷ்டர் என்று சொல்வது அவர்கள் வழக்கம். பெலவேந்திரர் யேசுவின் சீடர்களில் ஒருவர். கோணலாக நட்ட குறுக்குச் சிலுவையில் ஆணி அடிக்காமல் கைகால்களைக் கயிற்றால் கட்டி, சாகும்வரை விட்டுவிட்டார்களாம். சீமையில் கீல்வாதக்காரர்கள் அவரை வேண்டிக்கொள்வார்கள் என்று உபதேசியாருக்குச் சொன்னவர், அவருக்கு எழுத்தும் செபமும் சொல்லிக்கொடுத்த ஒரு வயோதிகச் சுவாமியார். அந்தச் சுவாமியாருக்கும் இதே நோய். அவரை நாற்காலியில் வைத்துத் தோட்டம் தோட்டமாகத் தூக்கிக்கொண்டு போவார்களாம். தூக்கியவர்களில் ஒருவர் உபதேசியார், கால் நன்றாக இருந்த காலத்தில். ஒரு சுரூபத்தை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் சுவாமியார் கண்ணை மூடினார். முழங்கை உயரம்கூட இராது. மரத்தில் செதுக்கி வர்ணம் பூசியது. தகரம் வேய்ந்த சின்னக் கோயிலில் அதை வைத்திருந்தார்.

அந்தச் சுவாமியாரிடம் கேட்ட கதைகளை எனக்கு வலி வரும்போதெல்லாம் வந்து உட்கார்ந்து சொல்வார். பாதி உலகத்தை ஆண்ட ஒரு சக்கரவர்த்தி இந்த நோய் தாங்காமல் ராஜ்யத்தை மகனிடம் கொடுத்துவிட்டு ஒரு மடத்தில் போய் ஒதுங்கிய கதை. கீல்வாதக்காரர்கள் தவழ்ந்து போய் வேண்டிக்கொண்ட மடத்து முனிவர் ஒருவரின் கதை. அவருக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இன்றைக்கு அர்ச்சியசிஷ்டராக வணங்கப்படுகிற பாப்பரசர் ஒருவர், கடைசி வருஷங்களில் இதே நோயால் எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்தே கடிதங்கள் சொல்லி எழுதவைத்தாராம். "அவருகிட்ட எத்தன பேரு வேண்டிக்கிட்டிருப்பாங்க. அவரு காலு அவருக்குச் சரியாகல" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிறுத்துவார். அதில் அவருக்கு ஏதோ ஆறுதல் இருந்தது. எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் பலவிதமாகத் திரிந்து போயிருக்கிறது. நான் கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தின் பெரியகங்காணி வேலாயுதம். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் இருமினால் சனங்கள் நிமிர்ந்து நிற்பார்கள். பிரம்பு அவர் கையில் சும்மா இருந்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இந்த வலி வந்தது. துரையின் மருந்தும் கேட்கவில்லை, நாட்டு வைத்தியர் பற்றும் கேட்கவில்லை. பிரம்புக்காரர் குழந்தை போல அழுததை லயமே கேட்டது. யாரோ சொல்லி, அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பெலவேந்திரர் முன்னால் கிடத்தினார்கள். உபதேசியார் செபம் சொன்னார். விளக்கெண்ணெயைத் தொட்டு, தொடாமல் தொட்ட மாதிரி, அந்தக் காலில் வைத்தார். அடுத்தநாள் கங்காணி எழுந்து நின்றார். அதற்கடுத்த நாள் பெரட்டுக்கு நடந்தே வந்தார்.

இந்த நோயால் அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும், அதன் உச்சம் கடந்தால் அது தானாகவே இறங்கும். உபதேசியார் அதைக் கங்காணியிடமே சொன்னாராம். அது தானாக வரும், தானாகப் போகும், சாமிக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் பெரிதாகப் பேசவேண்டாம் என்று. கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. சாமி தன்னைத் தேடி வந்து தொட்டதாக அவர் நம்பினார். தகரக் கோயிலை இடித்துவிட்டுக் கல்லால் கட்டினார். மேளம் வைத்தார். வெகு சீக்கிரத்தில் பூனாகலையிலிருந்தும் அப்புத்தளைப் பக்கமிருந்தும் சனங்கள் மலையேறி வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குக் கீல்வாதம் இல்லை. தோட்டத்துச் சனங்களுக்கு எங்கே கீல்வாதம் வரும். காய்ச்சல், சோகை, வயிற்றுப்போக்கு, ஆறாத புண், கண் தெரியாத பிள்ளை, இரத்தம் கக்குகிற புருஷன். எல்லாவற்றையும் அந்த முழங்கை உயரச் சுரூபத்தின் முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள்.

உபதேசியார் அப்போது என்னிடம் வந்து வருத்தப்பட்டது உண்டு. "கால்நோவுக்கு வந்த சாமிய எல்லா நோவுக்கும் இழுக்கறாங்க. நா எப்படித் தடுக்கறது. வந்து அழறவங்கள வெளிய போன்னு சொல்ல வாய் வரல" என்றார். நம்பிக்கையை உடைக்கக் கூடாது என்று மாதாந்தரம் வருகிற சுவாமியார் எச்சரித்திருந்தார். கங்காணிக்கோ, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கூடவே இரண்டு ஆள் வேலையும் போகும் என்ற கணக்கு. கோயில் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவோம் என்ற பயம் சனங்களுக்கு. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

செல்லம்மா கொழுந்தெடுக்கிற பெண். இருபது வயதுகூட நிறையவில்லை என்று சொல்வார்கள். தலைப்பிள்ளை பிறந்து செத்துப்போயிற்று. அதன்பின் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. புருஷன் வீரன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியவன்தான். வழியில் கங்காணி மறித்து, இத்தனை பேரைக் காப்பாற்றின சாமி உன் பெண்டாட்டியைக் கைவிடுமா என்று கேட்டிருக்கிறார். வீரன் திரும்பிவிட்டான். கல்கோயிலில் சுரூபத்துக்கு நேரே பாய் விரித்து அவளைக் கிடத்தினான்.

அந்த நாட்களில் உபதேசியாருக்கு இரண்டு காலிலும் வலி. கோயிலுக்குப் பின்னால் இருந்த தமது சாய்ப்பில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வீரன் கேட்கவில்லை. கடைசியில் உபதேசியார் தாமே இறங்கி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து கோயிலுக்குப் போனார். அவளைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு கொதித்தது. இப்போதே தூக்கு, நான் சொல்கிறேன், இது இங்கே தீராது என்று வீரனிடம் கெஞ்சினார்.

வீரன் சொன்ன பதிலை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருபோதும் ஒரு வார்த்தை மாறினதில்லை.

"கங்காணி ஐயா காலு மட்டும் நடந்துச்சுல்ல, உபதேசியாரே. எங்களுக்குன்னா நடக்காதா?"

ஏழைக்கு ஒரு நியாயம், பெரியகங்காணிக்கு ஒரு நியாயமா என்றுதான் அவன் கேட்டான். அது தானாகப் போன வலி என்று உபதேசியார் சொன்னார். வீரன் நம்பவில்லை. தனக்குக் கிடைக்கப்போவதைத் தட்டிப் பறிக்க வந்தவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான். அவளைத் தூக்குவதற்கு உபதேசியாருக்குக் காலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம், பெண்கள் கொழுந்துக் கூடையோடு இறங்கி வருகிற நேரத்தில், செல்லம்மா இறந்துபோனாள்.

"சாகறப்ப அவ சுரூபத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, ஐயா. அத அங்க வச்சது நானு" என்றார் என்னிடம்.

கார்த்திகையில் பெலவேந்திரர் திருநாள் வந்தது. என்னை வரச்சொல்லி அவர் ஆள் அனுப்பியிருந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கோயில் வாசலிலும் பாதையிலும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு சனங்கள் நெருக்கி நின்றார்கள். படுத்துக்கிடந்தவர்கள் அநேகம். கங்காணி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து சுவாமியார் உள்ளே போனதும் உபதேசியார் கோலை ஊன்றிக்கொண்டு பீடத்தின் படியில் ஏறி நின்றார். பிரார்த்தனை சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"கங்காணி ஐயாவுக்கு வந்தது எனக்கும் இருக்கிற நோவுதான்" என்று தொடங்கினார். குரல் உயரவில்லை. "அது கும்பிட்டாலும் போகும், கும்பிடாட்டியும் போகும். மறுபடி வரும். இத நான் அன்னிக்கே எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லியிருக்கணும், சொல்லல. காச்சல் அப்படி இல்ல. காச்சக்காரங்கள இங்க கொண்டாராதீங்க. பதுளைக்குக் கொண்டுபோங்க. செல்லம்மா இங்க படுத்திருந்துதான் செத்தா."

கங்காணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கூட்டத்தின் நடுவில் சுருங்கிய கிழவி ஒருத்தி, மடியில் வயதுவந்த மகனின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கேட்டாள், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல.

"அப்ப எங்களுக்கு யாரு இருக்கா, சாமி?"

அவர் கோலை ஊன்றிப் படியிலிருந்து இறங்கி அவள் பக்கம் வந்தார். பிறகு, "தெரியல தாயி. ஆஸ்பத்திரி வரைக்கும் நான் கூட வர்றேன்" என்றார்.

அந்தக் கிழவி மகனை அனுப்பினாள். அன்றைக்கே கம்பளியில் தூக்கி, மலையிறக்கி, சந்தியில் மொய்தீன் வண்டியில் ஏற்றினார்கள். உபதேசியார் வண்டிப் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் அதே வண்டியில்தான் ஊர் திரும்பினேன். ஏறிக்கொள்ளுங்கள் என்றால், மாட்டுக்குப் பாரம் என்றார். மகன் பிழைத்தான் என்று எழுத ஆசை. பிழைக்கவில்லை. மிகவும் பிந்திப் போயிருந்தது.

அடுத்த வாரமே கங்காணி வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து அவரைத் தோட்டத்தைவிட்டு இறக்கினார். நினைவு தெரிந்ததிலிருந்து மலையைத் தவிர வேறிடம் அறியாதவர் ஒரு பெட்டியோடு பாதையில் நின்றார். சுரூபத்தைக் கங்காணி கொடுக்கவில்லை. உபதேசியார் பேசினதால் கூட்டம் குறைந்தது என்று நினைக்கிறீர்களா? குறையவில்லை. அடுத்த வருஷம் கூடுதலாகத்தான் வந்தது. சாமியைப் பழித்தவனுக்கு வேலை போயிற்று பார், அதுவும் சாமியின் வல்லமைதான் என்று பேசிக்கொண்டார்கள். சுவாமியாரும் அவருக்கு உபதேசியார் வேலையைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஆனாலும் சனங்கள் அவரை உபதேசியார் என்றே கூப்பிட்டார்கள்.

பதுளையில் வந்து என்னோடு இருங்கள் என்று கூப்பிட்டேன். மறுத்துவிட்டார். தோட்டத்துப் பாதைகள் வண்டி ரோட்டில் வந்து சேருகிற சந்தியில், ஒரு தேநீர்க்கடைக்குப் பின்னால் சாய்ப்பு ஒன்று போட்டுக்கொண்டார். கடைக்கு விறகு பிளந்து கொடுத்துச் சாப்பிட்டார். மேலேயிருந்து நோயாளியைத் தூக்கி வந்தால் சாய்ப்பிலிருந்து வெளியே வருவார். பெயரைக் கேட்பார். எந்தக் கோயில் என்று கேட்கமாட்டார். வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொள்வார். மீதி ஆயுள் முழுவதும் அவர் செய்த வேலை இதுதான்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மூட்டுக்கு மூட்டு முள் ஏறின காலோடு அந்த ரோட்டில் நடப்பது என்னவென்று என்னைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும். வழியில் செத்தவர்கள் உண்டு. அப்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, செத்தவர் எந்த வேதமோ அந்த வேதத்துக்கு ஏற்றபடி ஒரு வார்த்தை சொல்வார். சைவனுக்குச் சிவசிவ என்பார். மொய்தீன் இதைச் சொல்லி ஒருமுறை கண்ணைத் துடைத்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களைப் பார்த்து அவர் பெருமைப்பட்டதும் இல்லை. இப்போது உங்களுக்கு ஆஸ்பத்திரிதான் கோயிலா என்று நான் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரி அர்ச்சியசிஷ்டர் இல்லைங்க. ஆனா அங்க போறதுக்கு யாரும் மேளம் அடிக்க வேண்டியதில்ல" என்றார்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷத்தில் தோட்டங்களில் குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. லயத்துக்கு லயம் கதவுகள் சாத்திக் கிடந்தன. உபதேசியாருக்கு அந்தக் காய்ச்சல் வரவில்லை. அதை அவர் வரமாக எண்ணவில்லை, தண்டனையாக எண்ணினார் என்றே நினைக்கிறேன். ஒருநாள் வண்டி நிறைய ஆட்களோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, எங்கள் கடைக்கு வந்து துணிக்கட்டில் சாய்ந்தார். செல்லம்மாவின் புருஷன் வீரன் அந்த வண்டியில் இருந்தான், வழியிலேயே போய்விட்டான் என்றார். அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "என்னையத் தெரிஞ்சுக்கிட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

அதற்குச் சில வருஷம் கழித்து வேலாயுதக் கங்காணியின் கால் முற்றிலும் கெட்டது. கைவிரல் மூட்டுகளிலும் சுண்ணாம்பு போல வெடித்து வழிந்தது. பிரம்பைப் பிடிக்க முடியாதவரைப் பெரட்டில் யாருக்கும் பயமில்லை. துரை வேறு கங்காணியை வைத்தார். கோயிலுக்கு மேளமும் நின்றது. கங்காணி கூப்பிடவில்லை. அவருடைய மனைவிதான் ஆள் அனுப்பினாள். உபதேசியார் போனார். போகவேண்டாம் என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காலில் துணிகூடப் படாதபடி மூங்கிலால் ஒரு கூடு கட்டிக்கொடுத்தார். எதற்கு வந்தாய் என்று கங்காணி கேட்டாராம். இந்த வலி எப்படி இருக்கும் என்று தெரியும், அதனால் வந்தேன் என்று இவர் சொன்னார். கங்காணி மனம் மாறவில்லை. நீ பழித்ததால்தான் சாமி போய்விட்டது என்று கடைசி நாள்வரை சொல்லிக்கொண்டே செத்தார். உபதேசியார் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

கடைசியாக நாங்கள் சந்தித்தது இந்த வருஷம் சித்திரை கழிந்து. எனக்கு வலி. நான் கட்டிலில். அவருக்கும் வலி. மொய்தீன் வண்டியில் வந்து இறங்கி எதிர்ப்பக்கம் பெஞ்சில் படுத்துவிட்டார். இருவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் கூரை மோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். நெடுநாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேன். இன்னும் பெலவேந்திரரிடம் வேண்டிக்கொள்கிறீர்களா என்று.

"தினமும். வேண்டாம எப்படி இருக்கிறது" என்றார். "கால் சரியாகணும்னு கேக்கறதில்ல. அந்தச் செல்லம்மாவப் பாத்துக்கன்னு கேக்கறேன். அவ பேரச் சொல்றதுக்கு வேற யாரும் இல்லைங்க."

அவரைப் பதுளையில் அவர்களுடைய சேமக்காலையில் அடக்கம் செய்தோம். மலையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். புதிதாக வந்திருக்கும் சுவாமியார் மரியாதையாகவே செய்து வைத்தார். மண் போட்ட பிறகு தோட்டத்துப் பெண் ஒருத்தி, இனிமேல் சந்தியில் யார் நிற்பார்கள் என்று பொதுவாகக் கேட்டாள். வண்டிக்குப் பின்னால் நடக்க என் காலும் இடம் கொடுக்காது. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதை அலங்காரமான வார்த்தைகளால் மூடிவைக்க எனக்கு விருப்பம் இல்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது சாமி அல்ல, மருந்தும் அல்ல. முன்பின் காணாத ஒரு பெண்ணின் பெயர். அவளுக்குப் பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை. அவளைப் புதைத்த இடத்தில் இன்றைக்குத் தேயிலை நிற்கிறது. காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போது, என் வீட்டாருடைய பெயர்களையெல்லாம் சொல்லி முடித்ததும், செல்லம்மா என்று ஒருதரம் சொல்கிறேன். அதற்குப் பிறகு சவரிமுத்து என்கிறேன். எங்கள் சாமிக்கு இருவரையும் தெரியாது. சொன்னால் தெரிந்துகொள்ளும்.